உறுமியும் மின்சாரமும்

புதிதாக ஓர் ஓசை பிறக்கும்போதெல்லாம் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது உலக வழக்கம். ஒரு கட்சி காதைப் பொத்திக்கொள்ளும். மற்றொரு கட்சி காலால் தாளம் போடும். காதைப் பொத்திக்கொண்ட கட்சி சொல்லும் சொல் எக்காலத்திலும் ஒன்றுதான்: "இது இசையா? வெறும் இரைச்சல்!"

நம் கல்லூரி மரத்தடியிலும் இந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. நண்பன் ஒருவன் கைப்பேசியில் ஒரு பாட்டை ஒலிக்கவிடுகிறான். கித்தார் அலறுகிறது. அதன் அடியில் ஏதோ ஒரு யந்திரம் இடைவிடாது இடிக்கிறது. பாடுபவர் பாடுகிறாரா, ஏசுகிறாரா என்பது முதலில் விளங்குவதில்லை. மேல்நாட்டார் இதன் ஒரு பாதியைப் 'பங்க்' என்றும், மறு பாதியை 'எலெக்ட்ரானிக்' என்றும் அழைக்கின்றனர். இவ்விரண்டும் கலந்த இசையைப் பற்றி என் கருத்தை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

என் கருத்து இதுதான். ஒரு கருவி மேடைக்கு உரியதா, இல்லையா என்பதை அதன் பிறப்பைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. அது தோலால் ஆனதாக இருக்கலாம். மின்கம்பியால் ஆனதாகவும் இருக்கலாம். அதை இயக்கும் மனிதருக்குச் சொல்வதற்கு ஏதேனும் இருக்கிறதா, அந்த மனிதருக்கு உரிய பெயரும் கூலியும் கிடைக்கின்றனவா என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். இதற்குச் சான்று தேடி இலண்டன் வரை போகலாம்; திருமயம் மலையடிவாரத்திலும் காணலாம். இரண்டு இடங்களுக்கும் போய் வருவோம்.

பங்க் என்பது யாது?

'பங்க்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் போக்கிரி, உதவாக்கரை என்றெல்லாம் பொருள் உண்டு. 1976, 77ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களுக்கு ஆலையிலும் இடமில்லை, அலுவலகத்திலும் இடமில்லை. அக்காலத்து ராக் இசையோ பெரும் பணக்காரர்களின் கலையாக மாறிப்போயிருந்தது. இருபது நிமிடம் ஓடும் பாட்டு, மலைபோல் அடுக்கிய ஒலிப்பெட்டிகள், பல ஆண்டுப் பயிற்சி ஆகியவை இல்லாமல் யாரும் மேடையேற முடியாது என்ற நிலை.

அந்நிலையை எதிர்த்து எழுந்ததே பங்க். செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ் முதலிய குழுக்கள் இரண்டு மூன்று நிமிடப் பாட்டுகளைப் படுவேகமாக, பழுதைப் பற்றிக் கவலைப்படாமல் பாடின. 1977ஆம் ஆண்டில் இரசிகர்கள் நடத்திய சிறு பத்திரிகை ஒன்று, கித்தாரில் மூன்று கார்டுகளைப் பிடிக்கும் முறையைப் படமாக வரைந்து காட்டி, இவ்வளவு தெரிந்தால் போதும், இனி நீங்களே குழு தொடங்கலாம் என்று வாசகருக்குச் சொன்னது. பங்கின் முழுத் தத்துவமும் அந்தப் படத்தில் அடங்கிவிட்டது எனலாம். கலை என்பது அனுமதி பெற்றுச் செய்யும் காரியம் அன்று. சொல்ல வேண்டியது நெஞ்சில் இருந்தால், கையில் கிடைத்ததைக் கொண்டு சொல்லத் தொடங்கலாம் என்பதே அத்தத்துவம்.

கையில் கிடைத்த யந்திரம்

கையில் கிடைத்தது கித்தாராகத்தான் இருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை இலண்டன் இளைஞர்களுக்கு முன்பே நியூயார்க் நகரில் இருவர் கேட்டுவிட்டனர். ஆலன் வேகா, மார்ட்டின் ரெவ் என்னும் அவ்விருவரும் 1970ஆம் ஆண்டில் 'சூயிசைடு' என்ற குழுவைத் தொடங்கினர். அக்குழுவில் முரசு அடிப்பவர் கிடையாது. ரெவ் ஒரு மலிவான மின் ஆர்கனையும், தானாகத் தாளம் போடும் ஒரு பழைய பெட்டியையும் இயக்குவார், வேகா பாடுவார். தங்கள் நிகழ்ச்சி விளம்பரத்தில் 'பங்க்' என்ற சொல்லை மிகத் தொடக்கத்திலேயே பயன்படுத்தியவர்கள் இவர்கள். 1977ஆம் ஆண்டில் இவர்களது முதல் இசைத்தட்டு வெளிவந்தது. மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் இவர்கள் பாடியபோது கூட்டம் கூச்சலிட்டது. பாடகர் கையிலிருந்த ஒலிவாங்கியையே பறித்துக்கொண்டது. யந்திரம் போடும் தாளத்தை இசை என்று ஒப்புக்கொள்ள அந்தக் கூட்டம் ஆயத்தமாக இல்லை.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் அந்த யந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சிந்தசைசர் என்பது மாயமந்திரம் அன்று. அதனுள் இருக்கும் அலையியற்றி ஒரு மின் அலையை உண்டாக்குகிறது. அந்த அலையில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் கலந்திருக்கும். வடிகட்டிச் சுற்று ஒன்று வேண்டாத மடங்குகளைக் குறைக்கிறது. ஓசை எவ்வளவு வேகத்தில் எழ வேண்டும், எவ்வளவு மெதுவாக அடங்க வேண்டும் என்பதை மற்றொரு சுற்று தீர்மானிக்கிறது. மிருதங்கத்தில் சோற்றைப் பூசுவதும், தவிலின் வாரை இழுத்துக் கட்டுவதும் ஓசையைத் திருத்துகின்றன அல்லவா? இங்கே அதே வேலையை மின்தடையும் மின்தேக்கியும் செய்கின்றன.

ஜப்பானிய ரோலண்டு நிறுவனம் 1980ஆம் ஆண்டில் டி.ஆர்.808 என்னும் தாள யந்திரத்தை வெளியிட்டது. அதன் ஓசை உண்மையான முரசைப் போல இல்லை என்று இசை வல்லுநர் பலர் ஒதுக்கினர். சுமார் 12,000 யந்திரங்களோடு 1983ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. பழைய பொருள் விற்கும் கடைகளுக்கு அவை மலிவு விலையில் வந்தன. அப்போது அவற்றை வாங்கியவர்கள் யார்? நியூயார்க், சிக்காகோ, டெட்ராய்ட் நகரங்களில் வாழ்ந்த ஏழைக் கறுப்பின இளைஞர்கள். இன்று உலகம் முழுவதும் ஆடும் நடன இசை பெரும்பாலும் அந்த ஒதுக்கப்பட்ட பெட்டியிலிருந்து பிறந்ததே.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982ஆம் ஆண்டில் அதே தாள யந்திரத்தையும் வேறு இரு ரோலண்டு கருவிகளையும் கொண்டு பத்து இராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதை வாங்குவார் இல்லை. ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின் சிக்காகோவில் இதை ஒத்த ஓசை புதுமை என்று கொண்டாடப்பட்டது. 2010ஆம் ஆண்டில் அவருடைய இசைத்தட்டு மறுபதிப்பாக வந்தபோது, முதலில் செய்தவர் இவரன்றோ என்று உலகம் வியந்தது. ஆகவே மின்னிசை நமக்கு அந்நியம் என்ற பேச்சு வரலாற்றுக்குப் பொருந்தாது.

அகதிப் பெண்ணும் ஒரு பெட்டியும்

இலண்டனில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தக் கலப்பிசையைத் தமதாக்கிக்கொண்டனர். 1993ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய 'ஏஷியன் டப் ஃபவுண்டேஷன்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இளைஞர்களுக்கு இசைத் தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்த ஒரு பயிற்சிக்கூடத்தில், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தொடங்கிய குழு அது. பங்கின் சீற்றம், யந்திரத் தாளம், இந்தியப் பண்ணின் சாயல் ஆகிய மூன்றும் அதில் கலந்திருந்தன. நிறவெறிக்கும் காவல் துறையின் அநீதிக்கும் எதிராக அவர்கள் பாடினர். வகுப்பறையிலிருந்தே ஒரு குழு பிறக்கலாம் என்பதைக் கல்லூரியில் இருக்கும் நாம் கவனிக்க வேண்டும்.

ஆயினும், தமிழராகிய நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் அவர்களே அவர்.

1975ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்த மாதங்கி, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். தந்தை ஈழப் போராட்ட இயக்கம் ஒன்றில் ஈடுபட்டிருந்தமையால் குடும்பத்தோடு அதிகம் சேர்ந்து வாழவில்லை. போர் மூண்டது. பத்து வயதை ஒட்டிய பருவத்தில் தாயோடும் உடன்பிறந்தாரோடும் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தார். தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மாதங்கி ஓவியமும் திரைப்படமும் படித்தார். இசையை அவர் முறையாகக் கற்றவர் அல்லர். 2001ஆம் ஆண்டளவில், ஒரு ராக் குழுவின் பயணத்தைப் படம் பிடிக்கச் சென்ற இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி அவருக்கு ரோலண்டு எம்.சி.505 என்னும் பெட்டியை அறிமுகம் செய்தார். தாளம், தாழ்ந்த சுரம், சிந்தசைசர் ஓசை ஆகிய யாவும் ஒரே பெட்டிக்குள் அடக்கம். ஒருவர் தனியாக அமர்ந்து விசைகளைத் தட்டித் தட்டியே ஒரு பாட்டை உருவாக்கலாம்.

அந்தப் பெட்டியும் ஒரு சிறிய நாடாப் பதிவுக் கருவியுமே அவருடைய தொடக்க மூலதனம். 2005ஆம் ஆண்டில் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரையொட்டி 'அருளர்' என்று பெயரிட்டார். 2007ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் தொகுப்புக்குத் தாயின் பெயரான 'கலா' என்பதைச் சூட்டினார். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெயர்கள் இரண்டு, விளக்கம் எதுவும் இல்லாமல், உலகத்து இசைத்தட்டுக் கடைகளில் ஏறி அமர்ந்தன.

பங்கிலிருந்து அவர் பெற்றது துணிவு மட்டும் அன்று, இசையையே எடுத்துக்கொண்டார். 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற அவருடைய புகழ்பெற்ற பாட்டு, தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் கித்தார்த் துணுக்கின்மேல் கட்டப்பட்டது. கிளாஷின் பாட்டு, குடியேறி வந்தவர்களையும் போரில் கைவிடப்பட்ட குழந்தைகளையும் பற்றியது. அதே மெட்டின்மேல் ஓர் அகதிப் பெண் நின்று, எங்களைக் கண்டு நீங்கள் ஏன் அஞ்சுகிறீர்கள் என்று ஏளனமாகக் கேட்கிறார். 2008ஆம் ஆண்டில் அப்பாட்டு அமெரிக்கப் பாட்டு வரிசையில் 4ஆம் இடம் வரை சென்றது. 2010ஆம் ஆண்டில் வந்த 'பார்ன் ஃப்ரீ' என்ற பாட்டில் அவர் எடுத்துக்கொண்டது, முன்பு நாம் கண்ட சூயிசைடு குழுவின் ஓசை. அவ்வாண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் அப்பாட்டைப் பாடியபோது மார்ட்டின் ரெவ் தாமே உடன் நின்று வாசித்தார். பிரஸ்ஸல்ஸ் நகரில் விரட்டப்பட்ட இசைக்கு, 32 ஆண்டுகளுக்குப் பின் ஒரு தமிழ்ப் பெண் மறுவாழ்வு தந்தார் என்றே கொள்ளலாம்.

மாதங்கியின் அரசியல் கருத்துகள் யாவற்றையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பல வேளைகளில் அவர் பேச்சு கடுமையானது, மாறுபடவும் இடமுண்டு. நான் சுட்ட விரும்புவது ஒன்றே. வீணை வாங்க வசதியும், குருகுலத்தில் தங்க அமைதியும் இல்லாத ஒருவருக்கு அந்த மின்பெட்டி வாயாக அமைந்தது.

சென்னையில் கேட்ட உறுமி

இரண்டாம் தொகுப்பைச் செய்யும் காலத்தில் அமெரிக்கா செல்ல அவருக்கு விசா கிடைக்கவில்லை. ஆகவே அவர் பல நாடுகளுக்குச் சென்று ஒலிப்பதிவு செய்தார். அவற்றுள் சென்னையும் ஒன்று. அங்கே அவர் தேடிக்கொண்டது நம் உறுமியை! 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' என்ற பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அவற்றில் முழங்குவது நம் ஊர்த் திருவிழாவில் கேட்கும் அதே உறுமி மேளம். அதே தொகுப்பின் முதற்பாட்டில், 'தளபதி' படத்துக்கு இளையராஜா அமைத்த இசையின் துணுக்கு ஒன்றும் ஒலிக்கிறது.

உறுமியும் சிந்தசைசரும் எளிதில் ஒட்டியதற்கு அறிவியல் காரணமும் உண்டு. உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கிறார்கள். தேய்க்கும்போது குச்சி தோலோடு ஒட்டுவதும் வழுக்குவதும் மாறி மாறி நிகழ்வதால் தோல் அதிர்கிறது. வயலின் வில் நரம்பை அதிரச் செய்வதும் இதே முறையில்தான். அழுத்தம் கூடினால் ஓசையின் தன்மை மாறும்; உறுமல் ஏறி இறங்கும். மின்னிசைக்காரர்கள் ஒரு குமிழைத் திருகி எந்த ஏற்ற இறக்கத்தைப் பெற முயல்கிறார்களோ, அதை நம் உறுமிக்காரர் மணிக்கட்டினாலேயே பெற்றுவிடுகிறார். 'உறுமி' என்ற பெயரே அந்தச் சிங்க உறுமலிலிருந்து வந்ததுதானே!

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்தப் பாட்டுகளை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கேட்டனர். பாடகியின் பெயரை யாவரும் அறிவர். உறுமி அடித்தவர்களின் பெயரைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அறிவர்? நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பாறையில் ஏறியதும் ஏறாததும்

ராக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பாறை என்றும் ஒரு பொருள் உண்டு. அந்தப் பொருளில் பார்த்தால், இசையைப் பாறையில் ஏற்றிய பெருமை நம் வட்டாரத்துக்கே உரியது. குடுமியான்மலையில் ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பண்களுக்குரிய சுரக் கோவைகள் அதில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. நம் திருமயத்திலும் சத்தியகிரீசுவரர் குடைவரையில் அத்தகைய இசைக் கல்வெட்டு இருந்திருக்கிறது. பிற்காலத்தில் அது அழிக்கப்பட்டுவிட்டது. 'பரிவாதினி' என்னும் யாழ் வகையின் பெயர் முதலிய சில பகுதிகளே மிஞ்சியிருக்கின்றன. தினமும் அந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்கு வரும் நம்மில் பலர் இச்செய்தியை அறியோம்.

இக்கல்வெட்டுகளை எண்ணி நான் பெருமைப்படுகிறேன். கூடவே ஒன்றையும் எண்ணிப் பார்க்கிறேன். நரம்புக் கருவிக்குக் கல்லில் இடம் கிடைத்தது. உறுமிக்கும் பறைக்கும் கிடைக்கவில்லை. அவை அக்காலத்தில் ஒலிக்காமலா இருந்திருக்கும்? சங்க இலக்கியம் முழுவதும் பறை முழங்குகிறதே! எந்த ஓசை பதிவு பெற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர்களே முடிவு செய்தார்கள். பதிவு பெறாத ஓசையைப் பின்வந்தோர் 'இரைச்சல்' என்றனர். அதை அடித்தவர்களையும் ஊருக்கு வெளியே நிறுத்தினர்.

நிலைமை மாறவே மாறாது என்று சோர்வடைய வேண்டியதில்லை. மாற்றிக் காட்டியவர் புதுக்கோட்டையிலேயே வாழ்ந்தார். பஜனைகளில் ஒலித்த எளிய தோற்கருவியாகிய கஞ்சிராவை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதன் புகழைத் தமிழ்நாடு முழுவதும் பரப்பினார். இன்று கஞ்சிரா மேடைக்குத் தகாதது என்று யாரேனும் சொல்வார்களா? வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இன்று அது இல்லாமல் பாட்டுக் கச்சேரி நடப்பது அரிது. ஆர்மோனியத்தை 1940ஆம் ஆண்டு முதல் 1971 வரை அகில இந்திய வானொலி விலக்கி வைத்திருந்தது. ஆர்மோனியம் அழிந்தா போயிற்று? கருவிகளின் வரலாறு முழுவதும், வாசலில் நிறுத்தப்பட்டவை உள்ளே வந்த வரலாறே.

மேடைக்கு வந்த தெரு

நம் காலத்தில் இந்த வேலையைத் துணிந்து செய்த தமிழ்க் குழு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017ஆம் ஆண்டில் இக்குழுவை உருவாக்கினர். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. தொடக்கத்தில் குழுவினர் 19 பேர். சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. வடசென்னையின் கானாவும், பறையும் சட்டியும், மின்கித்தாரும் மேல்நாட்டு டிரம்ஸும், ராப் என்னும் வேகப் பேச்சும் ஒரே மேடையில் நின்றன. இடஒதுக்கீடு, ஆணவக் கொலை, உணவின் பெயரால் காட்டப்படும் இழிவு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் பாடினர். இக்குழுவின் பாடகி இசைவாணியை 2020ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் உலகின் நூறு பெண்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

கண்டிப்பான இலக்கணப்படி இது பங்க் அன்று என்று சிலர் வாதிடலாம். மூன்று கார்டுகள் தெரிந்தால் போதும் என்ற அந்தத் துணிவு இங்கே இல்லையா? இழவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, மன்னிப்புக் கேளாமல் மேடையேறியதைவிடப் பெரிய பங்க் வேறென்ன இருக்க முடியும்?

மின்சாரத்தின் மறுபக்கம்

மின்சாரம் எல்லா இடத்திலும் வாய்கொடுக்கிறது என்று சொன்னால் அது பாதி உண்மையே. மறு பாதியை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன்.

திருமயத்தை அடுத்த எங்கள் சிற்றூர்க் கோயிலில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மோட்டார் மேளம் வாங்கி வைத்தார்கள். இரும்புச் சட்டத்தில் ஒரு முரசு, இரண்டு சேகண்டி, ஒரு மணி. விசையைத் தட்டினால் மோட்டார் சுழலும். சுத்தியல்கள் தாமாகவே அடிக்கும். பூசை நேரத்தில் முன்பு மேளம் அடித்துவந்த பெரியவரை அதன் பிறகு யாரும் அழைப்பதில்லை. வாங்கிவந்த நெல்லும் சிறு தொகையும் நின்றன. அவருடைய மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். பெரியவருக்குத் தெரிந்த அடிகள் பல. அம்மன் புறப்பாட்டுக்கு ஒன்று, முளைப்பாரிக்கு ஒன்று, மஞ்சுவிரட்டுக் காளையை அவிழ்த்துவிடும்போது ஒன்று. மோட்டாருக்குத் தெரிந்தது ஒரே அடி. மழை பெய்தாலும் அதே அடி. தேர் நகர்ந்தாலும் அதே அடி.

மோட்டார் மேளமும் மின்சாரம்தான்; எம்.சி.505 பெட்டியும் மின்சாரம்தான். வேறுபாடு எங்கே? ஒன்றை வாங்கியவர்கள் மனிதருக்குக் கூலி கொடுக்காமல் தப்பிக்க வாங்கினார்கள். மற்றொன்றை ஒரு பெண் தன் கதையைச் சொல்லக் கையில் எடுத்தார். முதலாவதில் யந்திரம் கலைஞரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் இடமே இல்லாதவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தது. யந்திர இசை வேண்டுமா, வேண்டாமா என்று பொதுவாகப் பேசுவோர் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

இங்கே ஒரு விந்தையும் உண்டு. மாணவர்கள் கித்தாரும் சிந்தசைசரும் கொண்டு பாடினால், பண்பாடு கெட்டுவிட்டது என்று முழங்குகிறவர்கள் பலர். கோயில் வாசலிலேயே மேளக்காரர் இடத்தில் மோட்டார் வந்து நின்றபோது, அவர்களுள் ஒருவரும் பண்பாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சில ஐயங்கள்

'இது மேல்நாட்டுப் போலி' என்பது முதல் ஐயம். போலிகள் உண்டு, மறுக்கவில்லை. கிழிந்த சட்டையையும் குத்தி நிறுத்திய முடியையும் மட்டும் இரவல் வாங்கி, நியூயார்க் இளைஞனின் சலிப்பைத் தன் சலிப்பாகக் காட்டுவது போலிதான். ஆனால் நம் தாளத்தையும், நம் ஊர்ச் செய்தியையும், நம் மொழியையும் அந்த முறையில் சொல்வது போலியாகாது. நாவலும் சிறுகதையும் மேல்நாட்டிலிருந்து வந்த வடிவங்களே. அதனால் புதுமைப்பித்தனைப் போலி என்போமா?

'யந்திரம் சோம்பலை வளர்க்கும். சாதகம் செய்ய யார் முன்வருவர்?' என்பது இரண்டாவது ஐயம். இது நியாயமான கவலை. ஆயத்தமாக உள்ள தாளத்தை எடுத்து ஒட்டிவிட்டு இசையமைப்பாளர் என்று பெயர் போட்டுக்கொள்வோர் இருக்கின்றனர். ஆனால் பெட்டியை ஆழ்ந்து கற்பதும் ஒரு சாதகமே. அரை நொடித் தாளத்துக்காக இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. சோம்பல் மனிதரின் குணம். அதற்குக் கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

'காது கிழிகிறது' என்பது மூன்றாவது. இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஒலிப்பெட்டியை அளவோடு வைக்கலாம், வைக்கவும் வேண்டும். பக்கத்தில் மருத்துவமனையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்பதை எந்த இசைக்காரரும் மறத்தல் ஆகாது.

நாம் செய்யத் தக்கவை

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆகவே மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது: கல்லூரி நாள் விழாவில் திரைப்பாடலுக்கு ஆடும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்தை மாணவர்களின் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். பாட்டு அவர்களே எழுதியதாக இருக்க வேண்டும் என்ற ஒரு விதி போதும். கருவி பறையானாலும், கித்தாரானாலும், கணிப்பொறியானாலும் தடை கூடாது. பிழை வரும், வரட்டும். பிழையோடு சொந்தமாகப் பாடுவது, பிறர் குரலுக்கு வாயசைப்பதைவிட மேலானது.

இரண்டாவது: நம் வட்டாரத்து உறுமி, பறை, பம்பைக் கலைஞர்களைக் கல்லூரிக்கு அழைக்க வேண்டும். வரவேற்பு ஊர்வலத்தில் விருந்தினருக்கு முன்னால் வெயிலில் அடித்துக்கொண்டு நடப்பதற்காக அன்று. மேடையில் நாற்காலியில் அமர்ந்து கற்பிப்பதற்காக. சிறப்புரையாற்ற வருவோருக்குத் தரும் மதிப்பூதியத்தையும் சால்வையையும் அவர்களுக்கும் தர வேண்டும். அழைப்பிதழில் அவர்கள் பெயரை அச்சிட வேண்டும். 'மேளக் குழுவினர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாகாது.

மூன்றாவது: தமிழ்த் துறையும் இயற்பியல் துறையும் சேர்ந்து அவர்களுடைய அடிகளை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. நல்ல ஒலிவாங்கி ஒன்றும் கணிப்பொறி ஒன்றும் இருந்தால் போதும். ஆடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அடியின் பெயர், அது ஒலிக்கும் சடங்கு, அடித்தவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை ஒவ்வொரு பதிவோடும் குறித்து வைக்க வேண்டும். நாளை நம் மாணவர் ஒருவர் அந்த அடியைச் சிந்தசைசரோடு சேர்த்துப் பாட்டமைத்தால், அடித்தவருக்குச் சொல்லி, பெயரிட்டு, வருவாயில் பங்கும் கொடுக்க வேண்டும். இவ்வழக்கத்தைத் தொடக்கத்திலேயே பழகிக்கொண்டால், உலகம் நம் உறுமியைக் கேட்டுவிட்டு அடித்தவரை மறக்கும் நிலை இங்கேனும் வாராது.

எங்கள் ஊர்ப் பெரியவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் கையில் இருக்கும் அடிகளை அவருடைய மகன் முழுமையாகக் கற்கவில்லை. திருமயத்துக் கல்லில் இருந்த இசையில் பெரும்பகுதியை நாம் ஏற்கெனவே இழந்துவிட்டோம். அதை மீட்க வழியில்லை. தோலில் இருக்கும் இசை இன்னும் சில ஆண்டுகளுக்கு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடுத்த கல்லூரி நாளுக்குள் ஒரு பதிவையாவது செய்து முடிப்போம். நண்பர்களே, இதற்கு யார் யார் வருகிறீர்கள்?